அச்சுப்படாத வெள்ளை: 1804-இல் ஒரு பாபநாசம்

தாமிரபரணி மலையைவிட்டுத் தரைக்கு இறங்கும் இடம் பாபநாசம். தஞ்சைப் பக்கத்துப் பாபநாசத்தைச் சொல்லவில்லை. பொதிகை அடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்தை ஒட்டியிருக்கும் பாபநாசத்தைச் சொல்கிறேன். திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்த ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுத்த படித்துறை, பொரியைத் தூவினால் காலடியில் வந்து மொய்க்கும் மீன்கள், பாபநாசநாதர் கோயில், அதற்கு மேலே பாறையிலிருந்து பாறைக்குத் தாவி வரும் ஆறு. குடும்பத்தில் யாராவது ஒருவர் இங்கே முங்கி எழுந்திருப்பார்.

இந்த ஊரின் அருவி 1804-இல் லண்டனில் ஒரு செப்புத் தகட்டிலிருந்து அச்சாகி வெளிவந்தது. ஆங்கிலத்தில் 'புப்பனாசம் அருவி, டின்னவெல்லி ஜில்லா' என்று பொருள்படும் தலைப்பு. வரைந்து, தகட்டில் செதுக்கி, வெளியிட்டவர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள். தாமஸ் சித்தப்பா, வில்லியம் அண்ணன் மகன். 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 அச்சுப்படங்களில் இது ஒன்று. குற்றால அருவியும் அதே வரிசையில் உண்டு.

கரும்பாறைகளுக்கு நடுவே வெள்ளையாய் விழும் நீர். அதன் முன்னே மிகச் சிறிய உருவங்களாக மனிதர்கள். பார்த்தவுடன் கண்ணில் நிற்பது இவ்வளவுதான். ஆனால் ஆற்றங்கரையில் பிறந்த எவரும் இந்தப் படத்தை அழகுப்பொருளாக மட்டும் பார்த்துவிட்டு நகரக்கூடாது என்பது என் எண்ணம். அணையும் ஆலையும் வருவதற்கு முன்பு இந்த ஆறு எப்படி விழுந்தது என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய மிகப் பழைய சான்றுகளில் ஒன்று இது. எல்லாச் சான்றுகளையும் போல இதுவும் சிலவற்றைச் சொல்கிறது, சிலவற்றை விட்டுவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

தாமஸ் டேனியல் 1749-இல் பிறந்தவர். சத்திரம் நடத்தியவரின் மகன். வண்டிகளுக்கு வண்ணம் பூசும் தொழிலில் கைபழகி, பிறகு லண்டன் ராயல் அகாதமியில் ஓவியம் படித்தவர். தந்தையை இழந்த வில்லியமைச் சின்ன வயதிலேயே தன்னோடு சேர்த்துக்கொண்டார். 1785-இல் இருவரும் கப்பலேறி, சீனா வழியாக 1786-இல் கல்கத்தா வந்து சேர்ந்தபோது வில்லியமுக்குப் பதினேழு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. முதலில் கல்கத்தா நகரக் காட்சிகள் பன்னிரண்டை அச்சிட்டார்கள். பிறகு கங்கை வழியே வடக்கே போய் இமயமலையில் கார்வால் ஸ்ரீநகர் வரை ஏறினார்கள். தெற்கே வந்தது 1792-இல்.

ஏன் 1792? அவர்களுக்கு முன்பே வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஓவியர் 1780-இல் சென்னையில் வந்து இறங்கியிருந்தார். ஹைதர் அலியின் படை ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதியில் புகுந்த நேரம் அது. அவரால் உள்நாட்டுக்குள் போகவே முடியவில்லை. கொஞ்ச நாள் பொறுத்திருந்துவிட்டு வங்காளத்துக்குப் போய்விட்டார். அதனால் தமிழ்நாட்டின் உட்பகுதி ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியர்களின் கைபடாமலே இருந்தது. 1792 தொடக்கத்தில் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுத் திப்பு சுல்தானிடம் பாதி நிலத்தையும் இரண்டு மகன்களையும் பிணையாக வாங்கிக்கொண்டதும் பாதை திறந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் டேனியல்கள் சென்னையிலிருந்து புறப்பட்டார்கள். பல்லக்கு, குதிரை, மாட்டுவண்டி, சுமையாட்கள் என்று ஒரு சிறு கூட்டமே கிளம்பியது. பெங்களூர் வரை போய்த் திரும்பி, கொங்கு நாட்டுக் கோட்டைகள், திண்டுக்கல், மதுரை என்று இறங்கித் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார்கள். ஓவியம் வரைய வந்தவர்களுக்கு வழி திறந்துவிட்டது ஒரு போர்.

அவர்கள் கையில் கேமரா அப்ஸ்குரா இருந்தது. ஒரு பெட்டி, ஒரு லென்ஸ், ஒரு கண்ணாடி. எதிரே உள்ள காட்சி பெட்டிக்குள் விழும். அதன்மேல் பென்சிலை ஓட்டிக் கோட்டுருவம் எடுத்துக்கொள்ளலாம். கோபுரத்தை வரைய இது நல்ல துணை, ஏனென்றால் கோபுரம் நின்ற இடத்தில் நிற்கும். பாறையும் நிற்கும். விழுகிற தண்ணீரை அந்தப் பெட்டிக்குள் பிடித்து நிறுத்த முடியாது. அருவியை வரைகிறவர் கடைசியில் தன் கண்ணையும் நினைவையும்தான் நம்பவேண்டும். இந்தச் சிக்கலை லண்டனில் செப்புத் தகட்டின் மேல் அவர்கள் தீர்த்த விதம்தான் இந்தப் படத்தின் உயிர். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும்.

அவர்கள் கையாண்ட முறைக்கு அக்குவாடின்ட் என்று பெயர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது புதுத் தொழில். பால் சாண்ட்பி என்பவர் 1770-களில்தான் அங்கே அதைப் பரப்பினார். சாதாரணச் செதுக்குப் படத்தில் கோடுகள்தான் உண்டு. நிழல் வேண்டுமானால் கோடுகளை நெருக்கவேண்டும். அக்குவாடின்ட்டில் கோடு இல்லாமலே, நீர்வண்ணத்தைத் தூரிகையால் பரப்பியதுபோல நிழலைக் கொண்டுவரலாம். மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் குங்கிலியம் போன்ற பிசினை மிக நுண்ணிய மணிகளாகப் படியவைப்பார்கள். லேசாகச் சூடுகாட்டினால் மணிகள் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தகட்டை அமிலத்தில் இடுவார்கள். மணி ஒட்டிய இடத்தைத் தொடமுடியாமல் அமிலம் அவற்றைச் சுற்றியுள்ள இடைவெளிகளை மட்டும் அரிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் பள்ளங்கள் உண்டாகும். மை அந்தப் பள்ளங்களில் தங்கும். நனைத்த காகிதத்தைத் தகட்டின் மேல் வைத்து உருளை அச்சில் அழுத்தி இழுத்தால், மென்மையான ஒரு சாம்பல் நிழல் காகிதத்தில் ஏறிவிடும்.

வெளிச்சமும் இருளும் வருவது நேரக்கணக்கில். படத்தில் எது முழு வெள்ளையாக இருக்கவேண்டுமோ அதன்மேல் அமிலம் இறங்காத வார்னிஷை முதலிலேயே பூசிவிடுவார்கள். அடுத்து ஒரு சிறு முக்கு. இப்போது கிடைத்த வெளிர்நிழல் போதும் என்ற இடங்களையும் வார்னிஷால் மூடுவார்கள். மறுபடி முக்கு, மறுபடி மூடல். கடைசிவரை மூடப்படாமல் அமிலத்தில் ஊறிக் கிடக்கும் இடம்தான் படத்தின் அடர்ந்த கருமை. முன்னால் நிற்கும் பாறையின் அடி, புதரின் உட்புறம், நீர் தேங்கிய குகைவாய் எல்லாம் அப்படி வந்தவை. முக்கி எடுத்த தகட்டை எளிதில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. கொஞ்சம் கூடுதலாக அரித்துவிட்டால் அந்த வெளிச்சத்தை மீட்பது கடினம்.

இப்போது பாபநாசத்து அருவியைப் பாருங்கள். அந்த வெள்ளை நீருக்கு மை இல்லை. தகட்டில் முதன்முதல் வார்னிஷ் பூசி மூடிய இடம் அது. அமிலமும் தொடவில்லை, மையும் தொடவில்லை. நாம் அருவி என்று பார்ப்பது அச்சுப்படாத வெறும் காகிதம். சுற்றியுள்ள பாறைதான் வரையப்பட்டது. தண்ணீர், பாறை விட்டுக்கொடுத்த இடம். பாறையைச் சரியாக அரித்தால்தான் தண்ணீர் தானாக விழும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒரு நல்ல அக்குவாடின்ட் படத்தைப் பார்த்தால் பாறை நிழல் முழுவதும் நுண்வலைபோல மணிமணியாய்த் தெரியும். வெள்ளையை நோக்கி நகர நகர மணிகள் மங்கும். ஓர் இடத்தில் சட்டென்று நின்று, காகிதத்தின் நார் தெரியும். சாரல் படரும் விளிம்பில் மட்டும் ஒன்றிரண்டு மெல்லிய முக்குகளின் தடம் இருக்கும். ஒரு சில நொடிகள்தான் அமிலம் அங்கே பட்டிருக்கும். பாறை அரிக்கப்பட்டது நீரால். படத்துப் பாறை அரிக்கப்பட்டது அமிலத்தால். இந்த ஒற்றுமை எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது.

அச்சான பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் நீர்வண்ணம் தீட்டப்பட்டது. அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. தகட்டின் மணிப்பள்ளங்கள் ஆழமற்றவை. அச்சிட அச்சிட மழுங்கும். முதலில் எடுத்த தாளில் பாறை கனத்து நிற்கும், பின்னால் எடுத்ததில் வெளுத்திருக்கும். அருங்காட்சியகத்தில் ஒரு பிரதியை மட்டும் பார்த்துவிட்டு 'டேனியல்களின் பாபநாசம் இப்படித்தான்' என்று முடிவுகட்டுவது சரியாகாது.

முழுத் தொகுப்பின் விலை 210 பவுண்டு. அன்றைய இங்கிலாந்தில் பெருஞ்செல்வர்களும் நூலகங்களும் மட்டுமே வாங்கக்கூடிய தொகை. வாங்கியவர்களுக்கு இந்தியா என்றால் இந்தப் படங்கள் என்றாயிற்று. பிரான்சில் சூபர் நிறுவனம் 1807-இல் இந்தப் படங்களைத் தழுவிச் சுவர்க்காகிதம் செய்தது. ஸ்டாஃபோர்ட்ஷையர் குயவர்கள் நீல வெள்ளைத் தட்டுகளில் இந்தக் கோயில்களையும் ஆறுகளையும் பதித்து விற்றார்கள். ஆங்கிலேயக் குடும்பங்கள் அவற்றில் உணவு வைத்துச் சாப்பிட்டன.

அந்த வாடிக்கையாளர்கள் எந்தக் கண்ணோடு அருவியைப் பார்த்தார்கள் என்பதும் முக்கியம். எட்மண்ட் பர்க் 1757-இல் ஒரு நூல் எழுதினார். செங்குத்துப் பாறை, பேரிரைச்சல், எல்லை தெரியாத இருள் ஆகியவை மனிதனை அச்சுறுத்தி, அந்த அச்சத்தினூடே ஒருவகைப் பெருவியப்பையும் தரும் என்பது அவர் வாதம். 1782-இல் வில்லியம் கில்பின் வை ஆற்றுப் பயணத்தைப் பற்றி எழுதினார். பாறைக்கரை, வளைந்தோடும் ஆறு, இடிந்த கட்டடம் இருந்தால் அது படத்துக்கு ஏற்ற காட்சி என்று வகுத்துச் சொன்னார். அதன்பின் இங்கிலாந்தில் ஆற்றுப் பாறைகளைப் பார்ப்பதற்கென்றே மக்கள் பயணம் போகத் தொடங்கினார்கள். இந்தப் பாடத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டுதான் டேனியல்கள் பொதிகைக்கு வந்தார்கள். மனிதர்களைச் சிறிதாக வரைந்தது பாறையைப் பெரிதாகக் காட்டத்தான். அதனால் படம் பொய் என்று சொல்லமாட்டேன். அளவிலும் கட்டட நுணுக்கத்திலும் ஹாட்ஜஸைவிட இவர்கள் கவனமானவர்கள். ஹாட்ஜஸின் படங்களைத் தூக்கிக்கொண்டு போய் அதே இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்துக் குறை கண்டவர்கள். ஆனால் எங்கே நிற்பது, எதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவது என்பதை அந்த ரசனைதான் முடிவு செய்தது.

வெளியே தள்ளப்பட்டதில் எனக்கு மிகவும் உறுத்துவது அணைக்கட்டுகள். படத்தைப் பார்க்கிறவர் இது மனிதக் கை படாத காட்டாறு என்று நினைப்பார். அருவிக்குச் சற்றுக் கீழே இறங்கினால் கோடைமேலழகியான் அணைக்கட்டு. அதன்பின் நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர். டேனியல்கள் வந்தபோதே இந்த ஏழும் இருந்தன. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் மட்டும் பின்னால் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. ஆற்றை முழுக்க மறிக்காமல், குறுக்கே கல்லை அடுக்கிப் போட்டு நீரைக் கால்வாய்க்குத் திருப்பி, மிச்சத்தைத் தலைக்குமேல் போகவிடும் கட்டுகள். இன்றும் ஏறத்தாழ 86,000 ஏக்கர் இந்த எட்டு அணைக்கட்டுகளை நம்பியிருக்கிறது. கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைவித்த ஆறு அது. இரண்டு பருவமழையும் பொதிகையில் விழுவதால் வற்றாத ஆறு. பல நூற்றாண்டுகளாக மண்வெட்டியும் கல்லும் பட்டு, கால்வாய் முறைபோட்டுப் பங்கிடப்பட்ட ஒரு நதியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, இரண்டு ஓவியர்கள் யாரும் தொடாத இயற்கையை வரைந்தார்கள்.

இன்னொன்றும் வெளியே நிற்கிறது. படம் வரைந்தது 1792-இல், அச்சானது 1804-இல். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றில் அதைவிடக் கொந்தளித்த பன்னிரண்டு ஆண்டுகள் அரிது. 1792-இல் நாடு பெயரளவில் ஆர்க்காட்டு நவாபுடையது. அதே ஆண்டு ஜூலையில் போட்ட உடன்படிக்கைப்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வாங்கும் பொறுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அந்தக் கப்பத்தில் தொடங்கிய பகைதான் முற்றி, 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சி மறுபடி எழுந்து வீழ்ந்தது. மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 31-இல் நவாபின் ஆட்சியுரிமை முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. லண்டனில் பாபநாசத்து ஈரப்பாறையை அமிலத்தில் முக்கிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே கோட்டைகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்தன. படத்தின் அடியில் அச்சிட்ட 'டின்னவெல்லி ஜில்லா' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று படிக்கவேண்டும். அவர்கள் பாறைமேல் உட்கார்ந்து வரைந்தபோது அது பாளையங்களின் நாடு. தாள் விற்பனைக்கு வந்தபோது அது கலெக்டரின் மாவட்டம். அருவி மட்டும் அப்படியே இருந்தது.

அதுவும் அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரைதான். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீரின் வீழ்ச்சியைக் கண்டு விக்கிரமசிங்கபுரத்தில் பருத்தி ஆலை தொடங்கினார்கள். நீராவிக்கு விறகும் நிலக்கரியும் தேடவேண்டியதில்லை. ஆறே ராட்டினத்தைச் சுற்றும். டேனியல்கள் அச்சமும் வியப்புமாகப் பார்த்த உயரத்தை ஆலைக்காரர்கள் விசையாக அளந்தார்கள். பல தலைமுறைக் குடும்பங்கள் அந்த ஆலைச் சங்கை நம்பி வாழ்ந்தன. விக்கிரமசிங்கபுரம் நகரமாக வளர்ந்ததே அதனால்தான். அவர்களுடைய உழைப்பையும் வாழ்க்கையையும் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பிறகு 1940-களில் மேலே காரையாற்றில் அணை எழுந்தது. 1944-இல் பாபநாசம் புனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 143 அடி உயரம் நீர் நிற்கும் அந்த அணையின் மட்டத்தைத்தான் இன்றும் மழைக்காலத்தில் திருநெல்வேலி நாளிதழ்களில் முதலில் தேடிப் படிக்கிறோம். அன்றுமுதல் பாபநாசத்தில் ஆறு எவ்வளவு விழும் என்பது பெருமளவுக்கு மேலே மதகைத் திறப்பவர்கள் கையில்.

ஆகவே 1804-ஆம் ஆண்டுத் தாள் நமக்கு அரியது. புகைப்படக் கருவி பிறப்பதற்கு முன்பு, மதகும் குழாயும் வருவதற்கு முன்பு, தன் போக்கில் விழுந்த தாமிரபரணி அதில் இருக்கிறது. பாறையின் உருவம் கேமரா அப்ஸ்குராவின் துணையோடு எடுத்த கோட்டுருவத்திலிருந்து வந்தது; நீர் விழும் பாங்கு அதை நேரில் பார்த்த கண்ணிலிருந்து வந்தது. 1990-களில் ஆன்டோனியோ மார்ட்டினெல்லி என்ற இத்தாலியப் புகைப்படக் கலைஞர் டேனியல்கள் நின்ற இடங்களைத் தேடிப் போய், அதே கோணத்தில் படமெடுத்து அருகருகே வைத்துக் காட்டினார். கோயில்களில் எது சிதைந்தது, எது செப்பனிடப்பட்டது என்று அதன் மூலம் தெரிந்தது. கோயிலுக்குச் செய்ததை ஆற்றுக்கும் செய்யவேண்டும். பாறை எளிதில் மாறாது; அதில் நீர் நின்ற உயரத்தின் கறை இருக்கும், சுழல் குடைந்த குழிகள் இருக்கும். படத்தையும் பாறையையும் அருகருகே வைத்துப் படிக்கத் தெரிந்த நிலவியலாளர்கள் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள்.

இந்தத் தொகுப்பின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் கல்கத்தா விக்டோரியா நினைவகத்திலும் உள்ளன. எந்த ஆற்றைப் பார்த்து வரைந்தார்களோ அந்த ஆற்றங்கரையில், பாபநாசம் படித்துறைக்கு வருகிறவர்கள் பார்க்கும்படி ஒரு நல்ல நகல் மாட்டப்படவேண்டும். பெரிய செலவில்லை. பக்கத்தில் நான்கு வரி: எந்த ஆண்டில் வரைந்தது, எதனால் அச்சானது, எதை விட்டுவிட்டது. தர்ப்பணம் கொடுத்துவிட்டு உடுத்த துணியை ஆற்றில் விட்டுப்போகும் வழக்கத்தால் அந்தப் படித்துறையில் இன்று துணிக்குவியல்களை வாரி அள்ளவேண்டியிருக்கிறது. தன் முன்னோர் முங்கி எழுந்த ஆறு எப்படி இருந்தது என்று கண்ணால் பார்த்தவர் ஒரு நிமிடமாவது கை நிறுத்துவார் என்று நம்புகிறேன்.

1804-க்கும் அணை வந்த 1940-களுக்கும் நடுவில் ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. அதை நிரப்பக்கூடியவர்கள் நீங்கள். உங்கள் தாத்தா ஆலையில் வேலை பார்த்திருக்கலாம். ஆடி அமாவாசைக்கு வந்த குடும்பம் அருவி பின்னணியில் ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கலாம். அணை கட்டிய காலத்தில் மேஸ்திரியாக இருந்த பெரியவர் வீட்டில் பழைய கண்ணாடித் தகடோ தபால் அட்டையோ கிடக்கலாம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் பக்கத்து வீடுகளின் பரணில் அப்படி எதுவும் இருந்தால், மங்கியிருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். பின்புறம் ஆண்டையும் எடுத்த இடத்தையும் பென்சிலால் எழுதி, அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறையிலோ அரசு அருங்காட்சியகத்திலோ கொண்டுபோய்க் கொடுங்கள்.